டிவியில் வட்டம் சுற்றிய கதை

கணினியில் இருக்கும் படத்தை ஒயர் இல்லாமல் எதிரே இருக்கும் டிவியில் ஓட்ட வேண்டும். ஆசை அவ்வளவுதான். அதற்கு மூன்று வார இறுதிகள் போயின. முதல் நாலு நிமிடம் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும், நாமும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவோம், அப்போது பார்த்து முகங்கள் கட்டம் கட்டமாக உடையும், உதடு ஒரு பக்கம் போக வசனம் இன்னொரு பக்கம் போகும், பிறகு படம் அப்படியே உறைந்து நின்று ஐந்து நொடி கழித்து வேறொரு காட்சியில் போய் விழும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் முதல் நாள் சிரித்தான். இரண்டாம் நாள் எழுந்து போய்விட்டான்.

எல்லோரையும் போல நானும் முதலில் இன்டர்நெட்டைத்தான் திட்டினேன். வேகம் அளக்கும் தளத்தில் பத்து முறை அளந்து பார்த்து, எண் பெரிதாகத்தானே வருகிறது என்று குழம்பி, இன்னும் பெரிய பிளானுக்கு மாறலாமா என்று யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டேன். நல்லவேளை, அதற்குள் ஒரு காரியம் செய்தேன். ரவுட்டரில் வெளியிலிருந்து வருகிற இணைப்பைப் பிடுங்கிவிட்டு அதே படத்தை ஓட்டினேன். ஓடியது. அதே மாதிரி திக்கித் திக்கி ஓடியது. படம் என் கணினியில் இருக்கிறது, டிவி எதிரே இருக்கிறது, நடுவில் ரவுட்டர் இருந்தால் உண்டு. இதில் வெளி இணைப்புக்கு வேலையே இல்லை. நீங்களும் பிளானை மாற்றுவதற்கு முன்னால் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

அடுத்து தெரிந்துகொண்டது, முன்பே தெரிந்திருந்தால் முதல் வாரத்திலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். கணினியிலிருந்து டிவிக்குப் படம் அனுப்புவது என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று ஸ்கிரீன் மிரரிங். கணினி தன் திரையை நொடிக்கு முப்பது முறையோ அறுபது முறையோ பிடித்து, அந்த இடத்திலேயே சுருக்கி, காற்றில் அனுப்பிக்கொண்டே இருக்கும். திரைப்பட ஃபைல் என்பதே ஏற்கெனவே சுருக்கி வைத்த சரக்கு. அதை விரித்து, திரையில் காட்டி, காட்டியதை மறுபடி பிடித்து, மறுபடி சுருக்கி அனுப்ப, டிவி அதை இன்னொரு முறை விரிக்கிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதேதான். மிராகாஸ்ட் இந்த வகை. வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு 2012இல் கொண்டுவந்தது, விண்டோஸ் 8.1 முதல் கணினிக்குள்ளேயே வருகிறது, விண்டோஸ் பட்டனோடு கே அழுத்தினால் திறக்கும். குரோம் பிரவுசரில் ஒரு டேபை அப்படியே டிவிக்கு அனுப்புவதும் பெரும்பாலும் இதே குடும்பம்தான்.

இன்னொரு வேலை, ஃபைலையே அனுப்புவது. கணினி ஒரு கிடங்கு மாதிரி சும்மா இருக்கும். டிவியில் இருக்கும் ஆப் வந்து துண்டு துண்டாகக் கேட்டு வாங்கி, தானே விரித்துக் காட்டும். படத்தின் தரம் துளி குறையாது. கணினிக்கும் வேலை இல்லை, மூடி மட்டும் திறந்திருந்தால் போதும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தண்ணீரை வைத்து யோசித்தால் சட்டென்று புரியும். ஃபைலாக அனுப்பும்போது டிவியில் ஒரு தொட்டி இருக்கிறது. குழாயில் பத்து நொடி தண்ணீர் வராவிட்டாலும் தொட்டியில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம், பிறகு வேகமாக வரும்போது மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். மிரரிங்கில் தொட்டி கிடையாது, அல்லது ஒரு டம்ளர் அளவு இருக்கும். ஏனென்றால் திரையில் இப்போது நடப்பதை இப்போதே காட்டியாக வேண்டும், இன்னும் நடக்காததை முன்கூட்டியே சேர்த்து வைக்க வழியில்லை. அதனால் வைஃபையில் கால் நொடி தடங்கல் வந்தாலும் அது அப்படியே கண்ணுக்குத் தெரிந்துவிடும். மிரரிங்கில் இரண்டு மணி நேரப் படம் பார்க்க முயன்றது என் முதல் தப்பு.

சில சமயம் மிரரிங்தான் வேண்டியிருக்கும், ஸ்லைடு காட்ட, போட்டோ காட்ட, டிவியில் ஆப் இல்லாத ஏதாவது ஒன்றைப் பார்க்க. அப்போது எனக்குப் பலன் கொடுத்தவற்றை மட்டும் சொல்கிறேன். கணினித் திரையின் அளவை 1920க்கு 1080 ஆகக் குறையுங்கள், அதற்கு மேல் வைத்துக்கொண்டு சுருக்கச் சொல்லிக் கணினியை வதைக்க வேண்டாம். விண்டோஸ் பட்டனோடு பி அழுத்தி, இரண்டாவது திரை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரே படத்தை இரண்டு இடத்தில் வரைகிற வேலை மிச்சம். சார்ஜரைச் சொருகிவிடுங்கள், பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் வைஃபையின் சக்தியைக் குறைத்துவிடுகின்றன. டிவியில் கேம் மோட் இருந்தால் போடுங்கள், டிவி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றுகிறேன் என்று எடுத்துக்கொள்ளும் நேரம் குறையும், மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி எப்போதோ வந்து சேர்கிற அவஸ்தையும் குறையும்.

அப்புறம் ஒன்று, இது அதிகம் பேருக்குத் தெரியாது. மிராகாஸ்ட் வழக்கமாக ரவுட்டர் வழியாகப் போவதில்லை, லேப்டாப்பும் டிவியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஆனால் லேப்டாப் அதே நேரத்தில் ரவுட்டரோடும் இணைந்திருக்கிறது. ரவுட்டர் ஒரு சேனலில் (டிவி சேனல் அல்ல, வைஃபை பேசுகிற அலைவரிசைத் துண்டு), டிவி இன்னொரு சேனலில் என்றால், லேப்டாப்பில் இருக்கும் ஒரே ரேடியோ இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று தாவிக்கொண்டே இருக்கும். தாவும் ஒவ்வொரு முறையும் படம் ஒரு குலுக்கு. வைஃபையை அணைக்காமல் ரவுட்டர் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு மிரரிங் செய்து பாருங்கள். படம் திடீரென்று சீரானால் காரணம் இந்தத் தாவல்தான்.

சரி, நான் மிரரிங்கை விட்டுவிட்டு ஜெல்லிஃபின் போட்டேன். 2018இல் தொடங்கிய இலவச மீடியா சர்வர், அதாவது கணினியில் இருக்கும் படங்களை டிவி ஆப் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். டிஎல்என்ஏ என்ற பழைய முறையும் இருக்கிறது, 2003இல் ஆரம்பித்து அந்த அமைப்பே 2017இல் கலைந்துபோன பிறகும் டிவிகளுக்கு இன்னும் அந்தப் பாஷை புரிகிறது. சர்வர் எதுவும் நிறுவ வேண்டாம் என்பவர்களுக்கு விஎல்சி பிளேயர் போதும், 3.0 பதிப்பிலிருந்து குரோம்காஸ்டுக்கு (டிவியில் சொருகும் கூகுளின் சிறு கருவி) அனுப்பும் வசதி அதில் உண்டு.

மாற்றியதும் கட்டம் கட்டமாக உடைவது நின்றுவிட்டது. உதடும் குரலும் சேர்ந்துகொண்டன. அதற்குப் பதிலாக, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை படம் நின்று நடுத்திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. தொட்டி காலி என்று அர்த்தம்.

இப்போதுதான் கணக்குப் போட்டேன். மனக்கணக்கிலேயே போடலாம். ஃபைலின் அளவு எத்தனை ஜிபியோ அதை 8000ஆல் பெருக்கி, படம் எத்தனை நொடியோ அதனால் வகுத்தால், நொடிக்கு எத்தனை மெகாபிட் தேவை என்று வரும். இரண்டு மணி நேரப் படம் 7200 நொடி. 4 ஜிபி ஃபைல் என்றால் நாலரைக்குச் சற்றுக் குறைவு. நான் ஓட்டிக்கொண்டிருந்தது 12 ஜிபி, அதாவது 13 எம்பிபிஎஸ். 45 ஜிபி என்றால் 50. இதெல்லாம் சராசரி. மழை, கூட்டம், வெடிச் சிதறல் மாதிரி நுணுக்கம் அதிகமான காட்சிகளில் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு எகிறும். அந்த வட்டம் எப்போதும் சண்டைக் காட்சியில் வந்து தொலைப்பது ஏன் என்ற சந்தேகமும் இதில் தீர்ந்தது.

பதிமூன்றுதானே, டிவியின் அமைப்புகள் பக்கத்தில் லிங்க் வேகம் 72 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறதே, எங்கே போகிறது மிச்சம்? இந்தக் கேள்விதான் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. விடை இப்படி. 72 என்பது ரேடியோவின் வேகம். கேட்பது, காத்திருப்பது, கிடைத்தது என்று ஒப்புதல் சொல்வது எல்லாம் போக உண்மையில் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி. முப்பத்தைந்து என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் விஷயம். லேப்டாப்பும் வைஃபையில், டிவியும் வைஃபையில். லேப்டாப் ஒரு பொட்டலத்தை ரவுட்டருக்கு அனுப்புகிறது, ரவுட்டர் அதே பொட்டலத்தை டிவிக்கு அனுப்புகிறது, இரண்டும் அதே சேனலில். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஆக ஒவ்வொரு துண்டுப் படமும் காற்றில் இரண்டு தடவை போகிறது. முப்பத்தைந்து பதினேழாகிவிட்டது. அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதே சேனலில் பேசினால் அவர்கள் பேசி முடிக்கும்வரை நம் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பதினேழு எப்போது பத்தாகும் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தேவை பதிமூன்று. கத்தி முனையில் நடந்த மாதிரி இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

அதனால், இரண்டில் ஒன்றை மட்டும் ஒயரில் போட்டாலே காற்றில் ஒரு பயணம் மிச்சமாகிறது. டிவி, கணினி எதுவாக இருந்தாலும் சரி, ரவுட்டருக்கு எது பக்கமோ அதை. புது ரவுட்டர் வாங்கச் சொல்லும் எவருக்கும் முன்னால் நான் சொல்வது இதைத்தான்.

நான் உடனே செய்யவில்லை. லேப்டாப்பை வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைகிற பழக்கம், ஒயரில் கட்டிப்போட மனசு வரவில்லை. அந்த நேரத்தில்தான் அக்கா மகன் ஒன்றைக் கண்டுபிடித்தான். லேப்டாப்பில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தவன் கத்தினான்.

“மாமா, மவுஸும் திக்குது பாருங்க.”

“பேட்டரி போயிருக்கும்டா.”

“இல்ல மாமா, இந்த டிஸ்கைச் சொருகினாத்தான் திக்குது. எடுத்துட்டா சரியாயிடுது.”

போய்ப் பார்த்தேன். லேப்டாப்பின் வலது பக்கத்தில் இரண்டு யூஎஸ்பி துளைகள், உள்ளே நீல நிறம். ஒன்றில் ஒயர்லெஸ் மவுஸின் விரல்நுனி அளவு டாங்கிள், அதை ஒட்டி அடுத்ததில் நான் படங்கள் வைத்திருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க். டிஸ்க் சும்மா இருக்கும்போது மவுஸ் ஒழுங்காக நகர்கிறது. படம் ஓட ஆரம்பித்து டிஸ்கின் சிறு விளக்கு மினுங்கத் தொடங்கியதும் அம்புக்குறி விட்டு விட்டுத் தாவுகிறது. டிஸ்கைப் பிடுங்கினால் வெண்ணெய் மாதிரி போகிறது. நாலு தடவை செய்து பார்த்தோம், நாலு தடவையும் அப்படியே.

நீல நிறத் துளை என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி 3. அது நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் பேசும்போது அதன் கேபிளிலிருந்தும் முனையிலிருந்தும் கசிகிற மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கமும் பரவுகிறது. மவுஸ் டாங்கிள் இருப்பது அங்கே. புளூடூத் அங்கே. என் வைஃபையும் அங்கே. இதைப் பற்றி இன்டெல் 2012இலேயே ஒரு அறிக்கை போட்டிருக்கிறது, நான்தான் இத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், லேப்டாப் படத்தை அனுப்பத்தானே செய்கிறது, வாங்கவில்லையே, இரைச்சல் அதன் காதருகே இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் ரவுட்டர் திரும்பச் சொல்லும் ஒப்புதல் இந்தக் காதில் விழ வேண்டும். விழவில்லை என்றால் போய்ச் சேரவில்லை என்று நினைத்து அதையே மறுபடி அனுப்பும். போய்ச் சேர்ந்த சரக்கையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது, பாவம்.

டிஸ்கை எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றி, ஒரு மீட்டர் நீட்சிக் கேபிளில் தள்ளி வைத்தேன். மவுஸ் உடனே சரியானது. படத்தில் வட்டம் வருவது இருபது நிமிடத்துக்கு ஒன்று என்பதிலிருந்து படத்துக்கு ஒன்று இரண்டு என்று குறைந்தது. டிவியின் பின்னால் ஹார்ட் டிஸ்கைச் சொருகி வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம், டிவியின் வைஃபை ஆன்டெனா எந்த மூலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாதே.

பிறகு வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினேன். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் என்று பார்த்தால் 1, 6, 11 என மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் அதே பக்கம்தான் இயங்குகிறது. 5இல் இடம் தாராளம், வேகமும் அதிகம். குறை என்னவென்றால் சுவரைத் தாண்ட அதற்குப் பிடிக்காது. என் ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால் டிவி தன் இஷ்டத்துக்கு 2.4இல் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பெயரைப் பிரித்து வைத்ததும்தான் சொன்ன பேச்சைக் கேட்டது. கூடவே ரவுட்டரை டிவியின் முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அத்தனை பெரிய உலோகத் தகட்டின் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்று புலம்பியிருக்கிறேன்.

கடைசியில் ஒயரும் போட்டேன், டிவிக்கு. சுவரோரமாக ஒரு கேட் 5ஈ நெட்வொர்க் கேபிள். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. நிறைய டிவிகளில், விலை உயர்ந்தவற்றிலும்கூட, ஈதர்நெட் துளை 100 எம்பிபிஎஸ் மட்டும்தான். நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைவிட வேகமாகவே ஓடும். சாதாரணப் படங்களுக்கு நூறு தாராளம், ஒயர் சீராகத் தரும். ஆனால் 4கே டிஸ்கிலிருந்து அப்படியே எடுத்த ஃபைல்கள் உச்சத்தில் 128 எம்பிபிஎஸ் வரை போகக்கூடியவை. அந்த மாதிரி சேகரிப்பு வைத்திருப்பவர்கள் லேப்டாப்பை ஒயரிலும் டிவியை வைஃபையிலும் வைப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு எல்லாப் படமும் ஓடியிருக்க வேண்டுமே. ஓடவில்லை. சில படங்கள் மட்டும் ஆரம்பித்த முதல் நிமிடத்திலேயே வட்டம். அதுவும் 6 ஜிபிதான் இருக்கும். 30 ஜிபி படம் பட்டுப்போல ஓடுகிறது, 6 ஜிபி படம் நொண்டுகிறது. லேப்டாப்பின் விசிறி விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம் போட்டதைக் கேட்டபோதுதான் சந்தேகம் வந்தது. ஃபைலை எடுத்துக் கொடுப்பதற்கு இவ்வளவு மூச்சு வாங்குவானேன்?

ஜெல்லிஃபினின் டாஷ்போர்டைத் திறந்தால் இப்போது என்ன ஓடுகிறது, எப்படி ஓடுகிறது என்று காட்டும். நல்ல படங்களுக்கு நேரடியாக ஓடுகிறது என்று இருந்தது. நொண்டிய படங்களுக்கு டிரான்ஸ்கோடிங். அதாவது டிவிக்குப் புரியாத ஏதோ ஒன்று அந்த ஃபைலில் இருக்கிறது, அதனால் லேப்டாப் முழுப் படத்தையும் உட்கார்ந்து வேறு வடிவத்துக்கு மாற்றி மாற்றி அனுப்புகிறது. என் பழைய லேப்டாப்புக்கு அது தாங்கவில்லை. காரணமும் அங்கேயே எழுதியிருந்தது: சப்டைட்டில்!

சப்டைட்டிலில் இரண்டு ஜாதி உண்டு. எஸ்ஆர்டி என்பது வெறும் எழுத்து, மிகச் சின்ன ஃபைல், டிவி வாங்கித் தானே திரையில் எழுதிக்கொள்ளும். புளூரேயிலிருந்து எடுத்த பிஜிஎஸ் என்பது எழுத்தே அல்ல, ஒவ்வொரு வரியும் ஒரு படம். டிவியில் உள்ள ஆப்புக்கு அது தெரியாவிட்டால், அந்த வரியைப் படத்தின் மேலேயே ஒட்டி அனுப்புவதைத் தவிர சர்வருக்கு வேறு வழியில்லை, ஒட்டுவதற்காக முழு வீடியோவையும் விரித்துத் திரும்பச் சுருக்க வேண்டும். கீழே இரண்டு வரி தெரிவதற்காக இவ்வளவு கூத்து. சப்டைட்டிலை அணைத்தேன், விசிறி அடங்கியது, படம் ஓடியது. அப்புறம் அந்தப் படங்களுக்கெல்லாம் எஸ்ஆர்டி தேடி, படத்தின் பெயரையே வைத்து அதே ஃபோல்டரில் போட்டேன். முடிந்தது.

ஆடியோவிலும் இப்படி நடக்கும், டிடிஎஸ் ஒலியைச் சில டிவிகள் ஏற்பதில்லை. ஆனால் ஒலியை மட்டும் மாற்றுவது சின்ன வேலை, லேப்டாப் சமாளித்துக்கொள்ளும். வீடியோவையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், செட்டிங்கில் ஹார்ட்வேர் ஆக்சலரேஷனைப் போட்டுவிடுங்கள். இன்டெல் சிப்களில் 2011இலிருந்தே குயிக் சிங்க் என்று இதற்காகவே ஒரு தனிப் பகுதி இருக்கிறது, என்னிடம் அது அணைந்தே கிடந்தது. இன்னொன்று, டிவி ஆப்பில் தரம் என்ற இடத்தில் குறைந்த வேகம் ஏதாவது தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் அதுவும் மாற்றத்தைக் கிளப்பிவிடும். வீட்டுக்குள் பார்ப்பதற்கு அதை உச்சத்தில் வையுங்கள். தரத்தைக் குறைத்தால் லேசாக ஓடும் என்று நினைத்து நானே குறைத்து வைத்திருந்தேன், அது நேர் எதிராக வேலை செய்திருக்கிறது.

இப்போது வட்டம் வருவதில்லை. ஒரு உறுத்தல் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது காட்சி லேசாக வெட்டி வெட்டி நகர்ந்தது. மறுபடி வைஃபையா என்று பதறி, உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். தாளம் தப்பாமல் ஒரே சீராக வெட்டுகிறது. நெட்வொர்க் கோளாறு இவ்வளவு ஒழுங்காக வராது. படம் நொடிக்கு 24 ஃப்ரேம், டிவி 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அறுபது முறை திரையைப் புதுப்பிக்கும். அறுபதை இருபத்து நாலால் வகுத்தால் மீதியின்றி வராது, அதனால் ஒரு ஃப்ரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டுகிறது. ஆப்பின் செட்டிங்கில் ஃப்ரேம் ரேட்டைப் படத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது, போட்டேன். இப்போது படம் தொடங்கும்போது திரை ஒரு நொடி கறுத்துப் போய் வருகிறது. முதல் தடவை அப்படிக் கறுத்ததும் அக்கா மகன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!